பல்பு மேடத்தின் மேஜை

புனேயில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு எஸ்தர் என்றால் தெரியாது. 'பல்பு மேடம்' என்றால் தெரியும். ஹடப்சரில், மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் சோதனைப் பிரிவுத் தலைவி. நேர்காணலுக்கு வருகிறவர் முன்னால் ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன எல்.இ.டி விளக்கு, சில ரெசிஸ்டர்கள், ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றை நகர்த்திவைப்பாள். விளக்கை எரியவிட வேண்டும், அதில் ஓடும் கரண்டை அளந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாலு வருஷம் படித்தவர்கள் அந்த மேஜை முன்னால் முழிக்கிற முழியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒருவன் வைஃபை பாஸ்வேர்டு கேட்டான்.

எஸ்தர் அந்த மேஜையை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சவரிமுத்துவின் மகள் அவள். படிப்பு முடித்த புதிதில் யாராவது ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏறி இறங்கிய கம்பெனி எல்லாவற்றிலும் கைவிரித்துவிட்டார்கள். இங்கேதான் கேள்வியே கேட்காமல் பழுதான ஒரு போர்டைக் கையில் கொடுத்தார்கள். அன்று அவளுக்குப் பதிலாக அவள் கை பேசியது.

மேலாளர் மனோஜுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று சுற்று நேர்காணல் நடத்தியும் ஓர் ஆள் தேறவில்லை.

"இன்னிக்கும் யாரும் தேறலேன்னா இந்த மேஜையை எடுத்துடலாம் மேடம். அடுத்த மாசத்திலேருந்து ஆன்லைன் டெஸ்ட், டிக் அடிச்சா போதும்" என்று காலையிலேயே ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் வந்தவன் கரண்டை அளக்கச் சொன்னதும் மீட்டரை நேராகப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துவிட்டான். கரண்டை அளப்பதென்றால் அது ஓடும் வழியின் நடுவில் மீட்டரைக் கோர்க்க வேண்டும். இது முதல் பாடம். எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டு அவனை அனுப்பினாள். மீட்டருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பேட்டரியின் வோல்டேஜை அளந்து பார்த்தாள். ஒன்பது காட்டியது. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பிறகு வந்த நால்வருமே விளக்கை எரியவிட்டார்கள். மீட்டரைக் கோர்த்ததும் விளக்கு அணைந்தது, திரையில் பூஜ்யம். வியர்த்துப்போய், தாங்கள் செய்த இணைப்பையே பிரித்துப் போட்டு, மறுபடி கட்டி, குழம்பி, எழுந்து போனார்கள். மதியமும் ஆகிவிட்டது. மேஜை போனது போலத்தான்.

கடைசியாகத் தளேகாவிலிருந்து ஒருத்தி வந்தாள். பேர் என்னவோ தமிழரசி. தமிழ் ஹிந்தி கலந்து தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. அவளுக்கும் விளக்கு எரிந்தது, மீட்டரைக் கோர்த்ததும் அணைந்தது. ஆனால் அவள் இணைப்பைப் பிரிக்கவில்லை. மீட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டைச் செருகினாள். விளக்கு எரிந்தது. மறுபடி மீட்டரைக் கோர்த்தாள். அணைந்தது.

"மேடம், என் சர்க்யூட் டீக் இருக்கு. உங்க மீட்டர்தான் கராப்."

"வோல்டேஜ் சரியா காட்டுதேம்மா. நானே காலையில பாத்தேன்."

"வோல்டேஜுக்கு வேற ரஸ்தா மேடம். கரண்ட் போற ரஸ்தாவில ஃபியூஸ் இருக்கும். அது போயிருக்கும். திறந்து பாருங்க."

எஸ்தர் திறந்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி கருகி அறுந்து கிடந்தது. முதலில் வந்தவனின் கைங்கரியம். பத்து வருஷத்துக்கு மேலாக ஊரார் பிள்ளைகளின் அடிப்படையைச் சோதித்தவள், மீட்டரில் பாதியை மட்டுமே சோதித்திருக்கிறாள். வெட்கம் காதுவரை சுட்டது. அதைவிட, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போன அந்த நால்வரின் முகம்தான் பொறுக்கவில்லை.

ஆள் சேர்க்கும் பிரிவின் ராஜஸ்ரீயிடம் ஓடினாள். "கடைசியா போன நாலு பேருக்கும் போன் போடு. தப்பு நம்ம மேலன்னு சொல்லு. திரும்பி வரச் சொல்லு."

இருவர் கேட்டுக்கு வெளியே வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மகர்பட்டாவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நாலாமவன் பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தான். வேறு மீட்டரில் தமிழரசியும் அவர்களில் மூன்று பேரும் கச்சிதமாக அளந்தார்கள். ஆட்டோவில் வந்தவன் மட்டும் மறுபடி சொதப்பினான். அதற்கு மீட்டர் என்ன செய்யும்?

மனோஜ் வந்து பார்த்தபோது மேஜைமேல் நாலு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காலியிடம் மூன்று. அவர் விளக்குகளைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார்.

"நாலாவதா ஓர் இடம் நான் பேசி வாங்கறேன்" என்றார். ஆன்லைன் பேச்சை எடுக்கவே இல்லை.

எஸ்தருக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. சந்தோஷம் தாங்காமல் தட்டியும்விட்டாள்.

தமிழரசி மீட்டரைக் கையில் எடுத்தாள். "புது ஃபியூஸ் போட்டுடட்டுமா மேடம்?"

"வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும். அடுத்த சுற்றுல இதுதான் முதல் கேள்வி. நீயே உக்காந்து கேளு."