'நான்தான் பூட்டினேன்' என்ற வில்லன்

ஆகஸ்ட் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. சிவகாசிச் சாலையில் ஒரு கல்யாண மண்டபம்.

காலை 10.30 — பட்டாசு கம்பெனி ஒன்றின் புதிய கிப்ட் பாக்ஸ் அறிமுக விழா தொடங்கியது. பெட்டியின் மூடியில், ஏழரை மணித் தொலைக்காட்சித் தொடரில் சென்னைத் தாதாவாக வரும் வில்லனின் படம்.

10.50 — அந்த வில்லனாக நடிப்பவர் மேடைக்கு வந்தார்.

11.15 — எம். புதுப்பட்டியைச் சேர்ந்த சீனியம்மாள் என்ற தொழிலாளி நடிகரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

11.20 — அவருக்கு ஒரு கிப்ட் பாக்ஸ் வழங்கப்பட்டது.

11.30 — இந்தப் பத்தியை எழுதுபவர் வாழ்த்துரை வழங்கினார்.

நடந்தவை இவ்வளவே. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்தது: 'வில்லனைத் திட்டித் தீர்த்த ரசிகை.' நான்கு சொற்கள். அவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை.

தொடர் பார்க்காத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். விருதுநகர்ப் பக்கம் அந்தத் தொடரை 'ஏழரை' என்றே சொல்கிறார்கள். நேரத்தையும் குறிக்கும், தரத்தையும் குறிக்கும். வில்லனின் பெயர் வஜ்ரம். கறுப்புக் கண்ணாடி, கன்னத்தில் தழும்பு, அவன் வரும்போதெல்லாம் ஓர் உறுமல் இசை. சென்ற மாதம் கதாநாயகியின் தந்தையையும் பதினொரு கூலியாட்களையும் ஒரு குடோனுக்குள் தள்ளி, வெளியே பூட்டி, தீ வைத்தான். போலீஸ் வந்தது. அவன் ஓடவில்லை. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னான் — "நான்தாண்டா பூட்டினேன். சாவி என்கிட்டதான் இருக்கு. என்ன செய்வே?"

என் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தொடர்கள் ஓடும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அவள் இந்தக் காட்சியைப் பார்த்தாள்; மறுநாள் பகலில் மறு ஒளிபரப்பிலும் பார்த்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தனாவது சொல்றானே" என்றாள்.

இனி நான் எழுதவிருப்பதைச் சுருக்கமாகவே எழுத முடியும்... வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மகன் ஜெயகரன் வேதியியல் படித்தவன். அதே கம்பெனியில் போர்மேனாக இருந்தான். வெடிமருந்து கையாளும் அறைக்கு எதிரெதிராகக் கதவுகள் இருக்க வேண்டும், வேலை நேரத்தில் அவை திறந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். சென்ற ஆண்டு தீபாவளி சீசனில், ஆர்டர் நெருக்கடியில், ஓர் அறையின் பின்பக்கம் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்டி களவு போகிறதென்று பின்கதவுக்கு வெளியே ஒரு பூட்டுப் போட்டார்கள். முன்வாசலில் தீ பிடித்தபோது உள்ளே நான்கு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். ஜெயகரன் சுற்றிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினான். பூட்டைக் கையால் இழுத்திருக்கிறான்.

அந்த நால்வரில் ஒருத்தி, சீனியம்மாளின் மகள் மகாலட்சுமி.

மதுரை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். பேச முடிந்தபோதெல்லாம் ஒன்றையே கேட்டான். "சாவி யாருகிட்டப்பா இருந்துச்சு?"

பிறகு விசாரணை அறிக்கை வந்தது. கல்லூரியில் முப்பதாண்டுகள் இலக்கணம் நடத்தியவன் நான். எதையும் அப்படித்தான் வாசிப்பேன். 'பின்கதவு பூட்டப்பட்டிருந்தது.' செயப்பாட்டு வினை. எழுவாய் — கதவு. வினைமுதல்? காணோம். 'பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன.' அடுக்கியவர் இல்லை. 'தீ பரவியது.' அது தானாகவே பரவிக்கொண்டது. பன்னிரண்டு பக்க அறிக்கையில் ஒரு மனிதன் ஒரு வினையைச் செய்யும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். 'போர்மேன் உரிய கவனம் செலுத்தவில்லை.'

சாவி முதலாளியின் மேசை டிராயரில் இருந்தது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அறிக்கைக்கு மட்டும் தெரியாது.

அந்த முதலாளிக்குத் தழும்பு கிடையாது. குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அடக்கத்தன்று என் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவர் நடந்து வரும்போது எந்த இசையும் ஒலிப்பதில்லை — செருப்புச் சத்தம்கூட இல்லை.

விழாவுக்கு அவரே அழைத்தார். மூத்த பத்தியாளர், வாழ்த்துரை. பறிகொடுத்த தகப்பனே மேடையில் இருந்தால் கம்பெனிக்கு அதைவிட நல்ல சான்றிதழ் ஏது? போக மாட்டேன் என்றேன். மனைவிதான் போகச் சொன்னாள். "மைக்கை உங்க கையில குடுப்பாக. எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டு வந்திருங்க, யாரு பூட்டுனதுன்னு. நம்ம பிள்ளை பேரு மேல கிடக்கிற அந்த ஒரு வரி போகணும்."

கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கம்பெனி வேன்களில் பெண்கள் வந்து இறங்கினார்கள். அரை நாள் லீவு, வில்லனை நேரில் பார்க்கலாம்... உற்சாகத்துக்குக் கேட்பானேன்? நடிகர் மேடை ஏறியதும் மண்டபம் கொதித்தது.

"ஏலே வஜ்ரம், நாசமாப் போறவனே! அந்தப் புள்ளையோட அப்பன் ஒனக்கு என்னலே செஞ்சாரு?"

"கண்ணாடியக் கழட்டுலே, முழியப் பாப்போம்!"

"ஏட்டி, டிவியில எம்புட்டு உசரமாத் தெரிஞ்சான்! நேர்ல அரை ஆளால்ல இருக்கான்?"

ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றுவதுபோல் கையை வீசி ஏசினாள். ஏசி முடித்து, மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "இந்த வெயில்ல வந்திருக்கீக... சாப்பிட்டீகளா?"

நடிகர் சிரித்தார். நானும் சிரித்தேன். நடிகருக்குப் பக்கத்து நாற்காலியில் முதலாளி எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்தார்.

வில்லனிடம் யாரும் கேள்வி கேட்கலாம் என்று மைக்கைக் கீழே அனுப்பினார்கள். சீனியம்மாள் எழுந்தார்.

"ஐயா, கதவ எதுக்குப் பூட்டுனீக?"

நடிகர் தாதாவின் குரலில் உறுமினார். "நான்தாண்டா பூட்டினேன்!" பின்வரிசையில் ஆண்கள் விசிலடித்தார்கள்.

"அது சரிய்யா. எதுக்குன்னு கேக்கேன். பொட்டி களவு போயிரும்னா? உள்ள நாலு புள்ளைக இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

தொடரில் பெட்டியும் இல்லை, நான்கு பிள்ளைகளும் இல்லை. விசில் நின்றது. நடிகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா... இது சீரியல்ல வர்றதா?"

"உங்ககிட்ட கேக்கக் கூடாதுதான் சாமி. என்ன செய்ய? உங்களைத்தான ஏச முடியுது."

நடிகருக்குப் பக்கத்து நாற்காலியைச் சீனியம்மாள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மண்டபத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து பார்க்காமல் இருந்ததை நான் பார்த்தேன்.

நடிகர் கை கூப்பினார். "தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

எங்கள் வீட்டுச் சாவுக்கும் அந்த அம்மாள் வீட்டுச் சாவுக்கும் இதுவரை ஒரே ஒருவர்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார் — அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர்.

முதலாளி மைக்கை வாங்கினார். "பாவம், சீரியலை நெசம்னே நம்பிட்டாக! அம்புட்டு நல்லா நடிச்சிருக்காரு நம்ம தம்பி. கை தட்டுங்க!" தட்டினார்கள். "இங்கன வாங்க தாயி" என்று அழைத்து, வில்லன் முகம் போட்ட பெட்டியை அவர் கையில் கொடுத்தார். சீனியம்மாள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ரூமுல செஞ்சதுய்யா?"

கேமரா மின்னியது. அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது.

அடுத்து என் பெயரை அழைத்தார்கள்.

ஆறு நிமிடம் பேசினேன். இந்த வறண்ட பூமியின் உழைப்பைப் பற்றி, ஒளியைப் பற்றி, தீபாவளியைப் பற்றி. ஓர் ஒற்று மிகவில்லை, ஓர் ஒற்றுக் குறையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் அதைப் பேசிப் பேசிச் சாத்தினேன்... முதலாளி பொன்னாடை போர்த்தினார். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

தாதாக்களைப் பார்த்து நாம் ஏன் இவ்வளவு கொதிக்கிறோம் என்று இப்போது புரிகிறது. அவர்கள் மேல் கோபப்பட்டால் யாருக்கும் வேலை போகாது. திரைக்குள்ளிருந்து எழுந்து வந்து யாரும் நம் வீட்டு வாசலில் நிற்க மாட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் விற்பது தீமையை அல்ல, ஆபத்தில்லாத கோபத்தை. அதை வாங்குவதில் படித்தவன், படிக்காதவன் என்ற பேதம் இல்லை. சீனியம்மாள் ஒருவர்தான் அதை அவர்கள் விற்ற காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"கேட்டீகளா?"

"கேட்டாச்சு" என்றேன்.

தமிழில் இப்படி ஒரு வினை இருக்கிறது. தன்மை இல்லை, முன்னிலை இல்லை, படர்க்கை இல்லை. யார் கேட்டது என்று அது சொல்லாது. அறிக்கை எழுதியவனை மாதக்கணக்காகச் சபித்தவன், அவனுடைய இலக்கணத்திலேயே என் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

செய்யாமல் விட்டவை:

1. எம். புதுப்பட்டிக்குப் போய்ச் சீனியம்மாளைப் பார்ப்பது. அவருக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது.

2. 'பூட்டியவர் யார்?' என்று முதலாளிக்கு, அவர் பெயரை எழுதி, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்புவது.

3. கேட்டது நான் இல்லை என்று மனைவியிடம் சொல்வது — இந்தப் பத்தி அச்சாகி வீட்டுக்கு வருவதற்குள்.