என் பெயரைத் தவிர எல்லாப் பெயரும்

நம் சபை மலரில் கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. என் உடம்பில் கோளாறு இருந்தது நாக்கில் மட்டும்தான். அதுவும் இங்கிலீஷ் பேச வேண்டிய நேரத்தில் மட்டும்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் இங்கிலீஷ் புரொபசர். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன். இங்கிலீஷில் நிறைய வாசிப்பேன். எழுதுவேன். அடுத்தவர் எழுதியதில் சிவப்பு மையால் குத்துவதென்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவேன். பேச மட்டும் வராது. வகுப்பில் நாடகத்தின் வரிகளை இங்கிலீஷில் வாசித்துவிட்டு விளக்கத்தைத் தமிழில் சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்பேன். அவர்களும் நம்பினார்கள். கொஞ்ச காலத்தில் நானும் நம்பிவிட்டேன்.

பிரசங்கம் செய்ய வெளிநாட்டு ஊழியர் யாராவது நம் சபைக்கு வந்தால் இங்கிலீஷில் வரவேற்புரை சொல்ல பாஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார். அந்த ஞாயிறுகளில் எல்லாம் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். சிட்லபாக்கத்தில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்தும் செல்வராணி அக்கா, பிளாஸ்க்கில் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து கொடுப்பார். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பேன். பொய்க்கு உடனடித் தண்டனை கிடைத்தது அந்த ஒன்றில்தான்.

போன கல்வியாண்டில் எங்கள் துறைக்கு ஒரு பரீட்சை வந்தது. வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து நடத்துவது. உயர்நிலை ஆங்கிலத் திறன் தேர்வு. கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதிகள், எல்லாமே கம்ப்யூட்டரில். எம்.ஏ. இறுதியாண்டுப் பிள்ளைகள் எல்லோரும் எழுத வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் முதல்வர் ஒரு நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு வரும் யோசனைகள்தான் நம்மைக் கொல்லும். ஆசிரியர்களும் மாணவர்களோடு உட்கார்ந்து எழுதட்டும், முன்மாதிரியாக இருக்கும் என்றார். மேல்படியில் தேறாத ஆசிரியருக்கு எம்.ஏ. வகுப்பு கிடையாது, முதலாண்டுப் பொது ஆங்கிலம்தான் என்றும் சொன்னார்.

மற்ற மூன்றிலும் எனக்குப் பயமில்லை. பேச்சுக்குத்தான் பயந்தேன். காலையில் ஏரியைச் சுற்றி நடக்கும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசிப் பழகினேன். பார்க்கிறவர்கள் போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. எதிரே வந்த ரிட்டயர்டு பேங்க்காரர் ஒருவர் நின்றார். “சார், ஒயரு சட்டைக்கு வெளிய தொங்குது. அந்தப் பக்கம் போனே இல்லையே” என்றார். அதோடு அந்தப் பயிற்சி நின்றது. எனக்கு வேறு வழி இல்லாமல் போனபோதுதான் ஜெபத்தின் ஞாபகம் வந்தது. இதையும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே நடைமுறை உங்களுக்குத் தெரியும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மகளின் வரன். என் முறை வந்தது. எனக்கு எதிரே பெஞ்சமின் அண்ணன். மகன் கனடா போவதற்கான கடிதங்களை எல்லாம் என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டு போனவர். “புரொபசரே பார்த்துட்டாரு” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு இங்கிலீஷ் பேச வராது என்று எப்படிச் சொல்வது?

“என் ஸ்டூடன்ட்ஸுக்காக ஜெபிக்கணும்” என்றேன். “பேச்சுப் பரீட்சை இருக்கு. மைக் முன்னால நாக்கு ஒட்டிக்காம, பயமில்லாம பேசணும்.”

எனக்கு வேண்டியதைத்தான் கேட்டேன், விலாசத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். கர்த்தர் சரியான வீட்டில் சேர்த்துவிடுவார் என்று ஒரு கணக்கு.

ஆனால் அக்கா பெயர் சொல்லாமல் ஜெபிக்க மாட்டார். “பொதுவா கேட்டா எப்படி தம்பி? பேரு சொல்லுங்க” என்றார். எனக்குப் பெயர் ஞாபகம் இருப்பதெல்லாம் நான் திட்டும் பிள்ளைகள்தான். நன்றாகப் படிக்கிறவர்களைத் திட்டுவதில்லை, அதனால் பெயரும் தெரியாது. ஆகவே கடைசி பெஞ்சைச் சொன்னேன். கார்த்திகா, வினோத், இர்பான், சங்கீதா. இதில் கார்த்திகா கோவளத்துப் பெண். அம்மா படகு கரையேறும் இடத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். ஒருநாள் வகுப்பில் அவள் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டபோது, “உன் இங்கிலீஷ் கோவளத்துலயே கரை தட்டி நின்னுடுச்சா?” என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்கு அதை நல்ல நகைச்சுவை என்று நினைத்திருந்தேன்.

அக்கா எல்லோருடைய பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்குன்னு ஏதாவது விண்ணப்பம் உண்டா தம்பி?” என்றார்.

“இல்லக்கா. எனக்கு ஸ்தோத்திரம் மட்டும்தான்.”

வேதத்தில் மறுதலித்தவருக்குக் கூவிய சேவல் எனக்குக் கூவவில்லை. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது.

அவர்கள் ஜெபித்ததைச் சொல்ல வேண்டும். நம் சபைப் பெண்கள், முன்பின் பார்த்திராத பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விட்டார்கள். இர்பான் என்ற பெயரைச் சொல்லும்போது அக்கா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “ஆண்டவரே, இர்பானோட நாவைத் திறந்தருளும்” என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இதில் ஒரு பங்கு எனக்கும் என்று மனசுக்குள் முணுமுணுத்தேன். பந்தியில் பக்கத்து இலைப் பாயசத்துக்கு ஆசைப்படுவது போல.

பரீட்சை நாள். லேபில் வரிசையாக ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தார்கள். என் பக்கத்து இருக்கை கார்த்திகாவுக்கு. பேச்சுப் பகுதி வந்தது. உங்கள் ஊரில் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது என்று விவரியுங்கள் என்று திரையில் கேள்வி. பீப் சத்தம். லேப் முழுக்க ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மனசில் அழகழகான வாக்கியங்கள் வந்து வரிசையில் நின்றன. எதை முதலில் அனுப்புவது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் நானே ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன். பக்கத்தில் கார்த்திகா பேசினாள். விடியற்காலையில் படகு வருவது, கூடை இறங்குவது, அவள் அம்மா ஏலத்தில் குரல் கொடுப்பது, மீன் வாடையோடு முதல் பஸ் புறப்படுவது. பிழைகள் இருந்தன. எனக்குத் தெரியும், அது ஒன்றுதானே எனக்குத் தெரியும். ஆனால் அவள் எங்கேயும் நிற்கவில்லை. என் நேரம் ஓடுவதை மறந்து அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி பீப் சத்தம். முடிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். “இன்னா சார், நீங்க பேசவே இல்ல? மைக் வேலை செய்யலியா?”

அந்தப் பிள்ளை எனக்குத் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து கொடுத்தது. நான் எந்தக் கதவையும் விடுகிறவன் இல்லை. “ஆமாம்மா, மைக் ரிப்பேர்” என்றேன். உடனே கையைத் தூக்கி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுவிட்டாள். அவருக்கு நல்ல மனசு. என் பதிவை ஓட்டிப் பார்த்தார், சத்தமாக. முதலில் என் மூச்சு கேட்டது. பெருமூச்சு, தொண்டையைக் கனைக்கும் சத்தம், மறுபடி மூச்சு. பின்னணியில் கார்த்திகாவின் குரல், கோவளத்து மீன் ஏலம், ஒரு வார்த்தை விடாமல்.

“மைக் ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றார் அவர்.

யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்ச் சிரித்திருந்தால் எனக்கு நியாயம் கிடைத்திருக்கும். கார்த்திகா தலையைக் குனிந்துகொண்டு ஹெட்போன் ஒயரைச் சுருட்டினாள். எனக்காக அவள் வெட்கப்பட்டாள். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

முடிவு வந்தபோது, நான் பெயர் சொன்ன பிள்ளைகள் எல்லோரும் பேச்சில் மேல்படி. நான் பேச்சில் கடைசிப் படி. முதல்வர் வருத்தத்தோடு எனக்கு முதலாண்டு வகுப்பின் கால அட்டவணையைக் கொடுத்தார். வீட்டில் மெர்சியிடம் சொன்னேன். மனைவி என்பதால் அவள் என்னைத் தேற்றவில்லை. “கேட்டது கிடைச்சிருக்கு. யாருக்குக் கேட்டீங்களோ அவங்களுக்கு” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா வழிமறித்தார். “பிள்ளைங்க என்ன ஆச்சு தம்பி? பேரு சொல்லிக் கேட்டோமே.” எல்லோரும் தேறிவிட்டார்கள் என்றேன். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் ஸ்தோத்திரம் எழும்பியது. பாஸ்டர் மைக்கை என் கையில் கொடுத்து, சாட்சி சொல்லுங்க பிரதர் என்றார்.

மறுபடியும் ஒரு மைக். இதுவும் நன்றாகத்தான் வேலை செய்தது.

பிள்ளைகள் தேறியதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்வது எல்லாம் உண்மையாகவும் இருந்திருக்கும். முன் வரிசையில் பெஞ்சமின் அண்ணன் பெருமையோடு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். லேபில் வந்த அதே மூச்சு வந்தது. அதற்குப் பிறகு வந்ததை உங்களில் பலர் காதால் கேட்டிருக்கிறீர்கள். “அந்த ஜெபம் நான் எனக்காகக் கேட்டது. சொல்ல வெட்கமா இருந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் பேச வராது.” தொண்டைவலியையும் சொன்னேன். கஷாயத்தையும் சொன்னேன். பெஞ்சமின் அண்ணன் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

அக்கா எழுந்து நின்றார். “சரி. இப்ப பேரு சொல்லுங்க” என்றார்.

அவருக்கு என் பெயர் தெரியாதா என்ன? இருந்தாலும் சொன்னேன். ஞானசேகரன். ஞானம் இருக்கும் பெயரை அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கூச்சத்தோடு சொன்னேன். இர்பானுக்குக் கேட்ட அதே வார்த்தைகளில் அக்கா எனக்கும் கேட்டார்.

அடுத்த வாரம் கேன்டீனில் கடைசி பெஞ்சிடம் போய் நின்றேன். அவர்கள் தினமும் அங்கே உட்கார்ந்து இங்கிலீஷில் பேசிப் பழகுவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கரை தட்டிய விஷயத்துக்காகக் கார்த்திகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “அத்த விடுங்க சார், உக்காருங்க” என்றாள். “ஏலத்துல நிறுத்துனா மீன் போயிடும். தப்போ ரைட்டோ சொல்லிகினே இருக்கணும்.” அவர்கள் பெயரைச் சொல்லி நம் சபை ஜெபித்ததையும் சொன்னேன். தன் அம்மாவும் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். இந்த வரியை பாஸ்டர் வெட்டினாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் முறை பரீட்சை எழுதினேன். பேச்சில் ஏறினேன், மேல்படிக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. முதலாண்டு வகுப்பில்தான் இருக்கிறேன். அங்கே இங்கிலீஷில் பேசுகிறேன். பிள்ளைகள் என் தப்பைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள். அதற்குள் நான் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறேன்.

போன மாதம் வந்த வெளிநாட்டு ஊழியருக்கு வரவேற்புரை சொன்னது நான்தான். நடுவில் ஓரிடத்தில் தடுக்கியது, நிற்கவில்லை. இறங்கி வந்தபோது அக்கா பிளாஸ்க்கைத் திறந்து கஷாயத்தை நீட்டினார். தொண்டை நன்றாக இருக்கிறது அக்கா என்றேன்.

“தெரியும் தம்பி. அது எப்பவுமே நல்லாத்தானே இருந்துச்சு. குடிங்க.”

குடித்தேன். உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லப்போவதில்லை.

எனக்குக் கிடைத்த இரக்கத்துக்கு நான் தகுதியுள்ளவன் இல்லை. என்றாலும் கிடைத்தது. இதைப் படிக்கிறவர்களில், நண்பருக்காக, பக்கத்து வீட்டாருக்காக என்று சொல்லித் தன் பாரத்தை வேறு விலாசத்தில் போட்டுக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்கு வாருங்கள். உங்கள் முறை வரும்போது பெயரைக் கேட்பார்கள். நம்பி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எதிரே நான் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.