வளைகாப்புக்கு முன்னால் வந்தவள்

வளைகாப்புக்கு நாள் குறித்து, தில்லி கரோல் பாகில் கண்ணாடி வளையல்களும் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த நாள் வருவதற்குள் நான் பிறந்துவிட்டேன். ஏழாம் மாதம். வேலை ஓய்வுக்குப் பின் திருநெல்வேலிக்கே போய்விட்ட அப்பா, வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்வார்: “அவசரக்குடுக்கையா வந்து பொறந்தா. அதுக்கப்புறம் எல்லாத்துலயும் லேட்டுதான்.” எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

லேட்டு என்பது உண்மைதான். லோதி ரோடில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் இந்தியில் பேசுவார்கள். எல்லாம் புரியும். பதில் என் வாய்க்கு வருவதற்குள் பேச்சு வெங்காய விலையிலிருந்து யாரோ ஒருவருடைய மருமகளுக்குப் போயிருக்கும். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு ரொட்டியைப் பிய்ப்பேன். முதலில் ‘மேடம் ரொம்ப அமைதி’ என்றார்கள். பிறகு திமிர் என்றார்கள். இப்போது என் இருக்கையிலேயே தனியாகச் சாப்பிடுகிறேன், யாரும் கூப்பிடுவதில்லை. முனிர்காவில் அறைக்குத் திரும்பினால் சந்தின் தண்ணீர் மோட்டார், பைக், ‘பையா’ என்று யாரையோ கூப்பிடும் குரல் எல்லாம் சேர்ந்து தலைக்குள் ஏறும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தலைவலி தாங்க முடியாமல்தான் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, முப்பதைத் தாண்டிய என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, குறைமாதத்தில் பிறந்தீர்களா என்பது. அப்படிப் பிறந்த சிலருக்கு, மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகள் வளர்ந்த பிறகும் கொஞ்சம் மெலிந்தே இருக்கும் என்றார். உங்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது, புத்தியில் குறைவில்லை, சத்தங்களைப் பிரித்தெடுக்கவும் பதிலைக் கோர்க்கவும் கூடுதல் நேரம் பிடிக்கலாம், அவ்வளவுதான் என்றார். வியாதி இல்லை, அதனால் மருந்தும் இல்லை.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷ அழுகைதான். எனக்குத் திமிரும் இல்லை, மந்தபுத்தியும் இல்லை. இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அம்மாவைத் தவிர ஆளில்லை, அம்மாவிடம் சொல்லவும் முடியாது.

ஏனென்றால் அம்மா கண்ணாடி வளையல் போடுவதே இல்லை. கல்யாணமோ கோயிலோ, கைக்கு ஒற்றைத் தங்க வளையல்தான். நடக்காமல் போன வளைகாப்பின் துக்கம் அது என்று சின்ன வயதிலேயே நான் முடிவு கட்டியிருந்தேன். கரோல் பாக் வீட்டில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வாளி தூக்கியதால்தான் நான் முன்கூட்டியே வந்துவிட்டேன் என்று அவள் ஒருமுறை அழுததும் எனக்குத் தெரியும். ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும்?

இந்தத் தையில் அம்மா தனியாக ரயிலேறி என்னைப் பார்க்க வந்தாள். கரோல் பாகுக்குப் போனோம். சாலையைக் கடக்கும் இடத்தில் ஹாரனும் கூச்சலுமாக இருக்க, நான் அப்படியே நின்றுவிட்டேன். நானாகக் கால் எடுத்து வைக்கும்வரை அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒருவர் “ஜல்தி, மேடம்!” என்று கத்தினார். அம்மா திரும்பி முறைத்த முறைப்பில் அவர் சுற்றிக்கொண்டு போனார்.

வளையல் கடை வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. “ஒரு டஜன் வாங்கிக்கோம்மா. இன்னும் எத்தன நாளைக்கு அந்த வளைகாப்பையே நெனச்சிக்கிட்டு இருப்ப?”

அம்மா விழித்தாள். “வளைகாப்பா? கைக்கொழந்தையில வளையல் சத்தம் கேட்டாலே நீ தூக்கிப்போட்டு அழுவட்டி. அதான் கழட்டி வச்சேன். அப்புறம் அப்படியே பழகிட்டு.”

எங்கள் வீட்டில் டி.வி.யை அணைத்துவிட்டுத்தான் பேசுவோம். மிக்சி ஓடும்போது அம்மா என்னிடம் எதுவும் கேட்க மாட்டாள். விருந்தாளிகளிடம் ஒவ்வொருவராகப் பேசச் சொல்வாள். அதையெல்லாம் அவளுடைய கண்டிப்பு என்று நினைத்திருந்தேன்.

கடை வாசலிலேயே டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் இரண்டு மூன்று வியாபாரத்தை முடித்துவிட்டார். அம்மா குறுக்கே பேசவில்லை.

“நரம்பெல்லாம் எனக்குத் தெரியாது. ஒனக்குப் பேச நேரமாகும்னு தெரியும்” என்றாள். பிறகு வளையல்களைப் பார்த்தபடி கேட்டாள்: “நான் வாளி தூக்குனதாலன்னு டாக்டர் சொன்னாராட்டி?”

அவள் முகத்தைப் பார்த்தபடி பதிலைக் கோர்த்தேன். காத்திருந்தாள். “இல்லம்மா. வாளியப் பத்தி ஒண்ணும் சொல்லல” என்றேன். அம்மா கையை நீட்டினாள். கடைக்காரர் பச்சை வளையல்களை அழுத்தி ஏற்றினார்.

அவள் ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறாள். பேச ஆரம்பிக்கும் முன், வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்கிறது. கழற்றாதேம்மா, அந்தச் சத்தம் எனக்கு வேண்டும், இந்த அறையில் எனக்கென்று வேறு எந்தச் சத்தமும் இல்லை என்று சொல்ல நினைக்கிறேன். அது என் வாய்க்கு வருவதற்குள் கடைசி வளையலையும் கழற்றி வைத்துவிடுகிறாள்.