தராசுக்காரர் எந்த வீட்டுக்கு

கடைகளுக்குத் தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். நாற்பத்தொரு வருடம் அதைத்தான் செய்தார். தெருவில் அவரைத் தராசுக்காரர் என்றால்தான் தெரியும். பொய் எடை காட்டும்படி தராசைத் திருத்தித் தரச் சொல்லி வந்த கடைக்காரர்களுக்கு, இனி உங்கள் நல்ல தராசிலும் கை வைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவார். மனைவி போன பிறகு இரண்டு அறை வாடகை வீட்டில் தனியாக இருந்தவர், ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றப் போய் வலது இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் பகல் நேரம் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள்.

ஏழாவது வாரம் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, கட்டடத்தை இடிக்கப் போகிறேன் என்றார். ஒன்றாம் தேதிக்குள் மகன்களில் ஒருவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். பெரியவனுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. நாலாவது மாடியில் குடியிருக்கிறான், லிஃப்ட் கிடையாது. சின்னவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். வீடு தரைத்தளம், வாசலில் ஒரு படிகூட இல்லை.

"பெரியவன் வீட்டுக்கு ஏத்திட்டா அப்புறம் நாலு பேர் தூக்கித்தான் இறக்கணும் நர்சம்மா," என்று முகச்சவரம் செய்துவிடும்போது சொன்னார். "சின்னவன் வீடுன்னா வாக்கரை வச்சு நானே தெருவுக்கு வந்துருவேன்."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்களேன் ஐயா."

"எங்க வீட்ல வாயால கேக்குற பழக்கம் இல்ல."

உண்மைதான். அந்தக் குடும்பத்தில் எதையும் பேசித் தீர்ப்பதில்லை, மீன் பிடித்துத் தீர்ப்பார்கள். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அவர்கள் சண்டை பொறுக்காமல் இவர் ஆரம்பித்து வைத்தது. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக வேண்டும், ஆளுக்கொரு தூண்டில் போட வேண்டும், பொழுது சாய்வதற்குள் யார் மீன் கனமோ அவன் ஜெயித்தான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகலாம் என்று பெரியவன் போன் செய்தபோது, எதற்கு என்று இவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

போனோம். சக்கர நாற்காலி மணலில் புதையும் என்று பாறைக்கு அருகே சிமெண்டுத் தளத்தில் நிறுத்தினேன். குடை, தண்ணீர், இரண்டு மணி மாத்திரை. மருமகள்கள் இருவரும் ஒரே பாயில், நடுவே மூன்றாவது ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

பெரியவன் காலை எட்டு மணியிலிருந்து வெறி பிடித்தவன் போல வீசினான். இறால் போட்டான், புழு போட்டான், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மனைவியின் முட்டையையும் போட்டான். சின்னவன் அமைதியாக நின்றான். அவன் தூண்டில் நரம்பைச் சுற்றி இழுத்தபோது பார்த்தேன், முள்ளில் இரையே இல்லை. நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்.

"இந்தக் கடல் மீனெல்லாம் வெவரமானதும்மா. இரை வச்சா சந்தேகப்படும்," என்றான்.

என் வேலை மாத்திரை கொடுப்பது.

நாலரை மணிக்குப் பெரியவன் கோல் வளைந்தது. கையளவு நீளம், வெள்ளி நிறம், நல்ல துடிப்பு. பெரியவன் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். பெரிய மருமகள் பாயிலிருந்து எழுந்தே விட்டாள். ஆச்சரியம் என்னவென்றால், சின்ன மருமகள் அவளைவிட வேகமாக எழுந்து கைதட்டினாள்.

"சூப்பர்ணே," என்று சின்னவன் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "உங்க வீட்டு ஜன்னல் காத்து அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"எங்க வீட்டு ஜன்னலா? ஜெயிச்சது நான்டா."

"அதான்ணே. ஜெயிச்சவங்களுக்குத்தானே?"

"ஜெயிச்சவன் எதுக்குடா? தோத்தவன்தானே..."

அப்பா பக்கத்தில் இருப்பது அப்போதுதான் பெரியவனுக்கு நினைவு வந்தது. பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டான். மீன் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. காலையிலிருந்து ஒருவன் ஜெயித்தால் தப்பிக்கலாம் என்றும், இன்னொருவன் தோற்றால் தப்பிக்கலாம் என்றும் நின்றிருக்கிறார்கள். ஜெயித்தால் என்ன என்று இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

தராசுக்காரர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். "சின்ன வயசுல சைக்கிள் யாருக்குக் கெடச்சுது?"

"எனக்கு," என்றான் பெரியவன். "நான்தான் ஜெயிச்சேன்."

"மேல் கட்டில்?"

"தம்பிக்கு. அன்னிக்கு அவன் மீன்தான் பெருசு."

"அப்போ?"

"அது சைக்கிள்பா."

"நான் என்ன?"

பெரிய மருமகள் டப்பா மூடிகளை அளவு வாரியாக அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. தோற்றவன் கூட்டிப் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் தரைத்தளம். நியாயம் பேசி நாலாவது மாடிக்குத் தானே ஏறுகிறாரே என்று நினைத்தேன்.

"எடை போடாம ஜெயிச்சது எப்படி?" என்று மடியிலிருந்த பையைத் திறந்தார். கொக்கி வைத்த தொங்கு தராசு. "கால் கிலோவுக்குக் கீழ இருந்தா அது மீன் கணக்குல வராது. ஞாபகம் இருக்கா?"

"தாராளமா தாண்டும்ணே," என்றான் சின்னவன்.

"தாண்டாது போலருக்கே," என்றான் பெரியவன். மீன் சுருங்க வேண்டும் என்று பிடித்தவனே வேண்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

தராசுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து, துண்டை முழங்கால் மேல் விரித்து, மீனைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டார். முள் முந்நூறில் போய் நின்றது. மகன்கள் இருவரும் குனிந்து பார்ப்பதற்குள் துண்டுக்கு அடியில் ஏதோ அசைந்தது. பழைய பேப்பர் வாங்க வருகிறவர்கள் எடை குறையப் பேப்பர் கட்டுக்கு அடியில் முழங்காலால் முட்டுக்கொடுப்பார்களே, அது. மீனின் வால் துண்டின் மேல் சாய்ந்தது. முள் இறங்கியது. இருநூற்று நாற்பது.

"பத்து கிராம் கம்மி," என்றார் தராசுக்காரர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "இது மீன் இல்ல. கடல்ல விடு."

பெரியவன் அதைக் கும்பிடாத குறையாகக் கொண்டுபோய் விட்டான்.

"அப்ப யாருமே ஜெயிக்கலையேப்பா?" என்றான் சின்னவன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"யாருக்கும் மீன் இல்லாத அன்னிக்கு நான் சொல்றதுதான். எப்பவும் அப்படித்தானே?" மகன்கள் தலையாட்டினார்கள். "சின்னவன் வீடு."

சின்ன மருமகள் கடலை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "கட்டில் எவ்வளவு உயரம் இருக்கணும்கா?" என்று கேட்டாள். எழுதிக்கொள்ளப் பேனாவும் எடுத்தாள். காரியக்காரி, சமாளித்துவிடுவாள் என்று தோன்றியது.

நாற்காலியை வண்டிக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பார்த்துட்டீங்களா நர்சம்மா?" என்றார் மெதுவாக.

"பார்த்தேன்."

ஏழு வாரமாகத் தினமும் இரண்டு வேளை அந்த வலது காலை உட்கார்ந்தபடி தூக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தேன். ஐயோ வலிக்கிறது, ஒரு அங்குலம்தான் வரும் என்று என்னைக் கெஞ்ச வைத்த கால்.

"நாளைல இருந்து இன்னிக்குத் தூக்கின அதே உயரம் தூக்கணும்," என்றேன். "காலைல இருபது, சாயங்காலம் இருபது."

"இருபதா?"

"இல்லன்னா உங்க பெரிய மகன்கிட்ட நான் பேசுறேன்."

"சரி, சரி. இருபது," என்றார்.