முதுகில்லாத கோட்டு

“நான் உடுத்திவிட்டேன்னு வை, பாக்குறவன் கண்ணு துணியை விட்டு இம்மி நகராது. உள்ளே நிக்கிறது பொம்மையா மனுஷியான்னுகூட அவனுக்குத் தோணாது!”

இப்படி முழங்கியவர் லேசுப்பட்ட ஆளல்ல. பெரிய துணிக்கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்குக் கைகால் மாட்டி, உடுத்தி, கழுத்தைத் திருப்பி வைக்கும் சக்கரவர்த்தி. கடையில் எல்லோருக்கும் பொம்மை மாமா. ஆனால் இம்முறை முழக்கம் எழுந்தது வீட்டுக் கூடத்தில். எதிரே நின்றது சொந்த மனைவி.

மறுநாள் அந்த அம்மாளுக்கு ஆசிரியை வேலைக்கான நேர்காணல். மகள் பிறந்தபோது விட்ட வேலை. மகள் கல்லூரிக்கே போய்விட்டாள், வேலை திரும்பவில்லை. ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்ற பள்ளிகள் சொல்லவுமில்லை, அனுப்பவுமில்லை. இதுவும் கைநழுவினால் இனி விண்ணப்பமே போடப்போவதில்லை என்று அடுப்பைத் துடைத்தபடி சொல்லிவிட்டாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். துடைத்துக்கொண்டே சொன்னதால்தான் குண்டூசி டப்பாவை எடுத்துவிட்டார்.

நேர்காணலுக்குப் போட்டுப்போகும் கோட்டு அவளுடைய அக்காவின் உபயம். அக்கா வாட்டசாட்டமானவர். அதை மாட்டினால் உள்ளே இன்னொரு ஆசிரியைக்கும் இடமிருந்தது.

“வெட்டிக் கிட்டித் தொலைச்சிடாதீங்க மாப்பிள்ளை, எனக்குத் திரும்ப வேணும்.”

“கத்தரியைத் தொடுறவன் கலைஞனே இல்லை அண்ணி. நமக்கு எல்லாம் குண்டூசிதான்.”

“கலைஞராம்! என் தங்கச்சி பாடம் நடத்தப் போறாளா, கண்ணாடிக்குள்ள நிக்கப் போறாளா?”

கலைஞருக்கு வாய் நிறையக் குண்டூசி. தொளதொளத்த துணியையெல்லாம் முதுகுப் பக்கம் இழுத்து மடித்து மடித்துக் குத்தினார். வீணாக நிற்பானேன் என்று அவள் மறுநாள் நடத்திக் காட்டவேண்டிய பாடத்தை ஒப்பித்தாள்.

“கேக்குறீங்களா?”

“ம்.”

“என்ன சொன்னேன், சொல்லுங்க?”

“ம்ம்.”

முடித்ததும் கண்ணாடி முன் நிறுத்தினார். தோளிலும் இடுப்பிலும் ஒரு சுருக்கமில்லை. வரைந்து வைத்தாற்போல இருந்தது. “அடியே, நீயாடி இது!” என்று அக்காவே வாயைப் பிளந்தார். அவளும் தன்னைப் பார்த்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது.

“முகவாயைத் தூக்கு. அப்படியே நில்லு. மூச்சு விடாதே.”

“மூச்சு விடாம எப்படிங்க பாடம் நடத்துறது?”

“அளவா விடு.”

மறுநாள் அவரும் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடப் போனார். தலைமையாசிரியை அறையில் கேள்விகள் முடிந்து, அவளை ஒரு வகுப்பறைக்கு அழைத்துச் சென்றார்கள். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் அமர்ந்தார். இவர் தாழ்வாரத்து ஜன்னலோரம் இடம்பிடித்தார். அவள் நுழைந்ததும் பிள்ளைகள் கண்கள் அத்தனையும் கோட்டின்மேல். பொம்மை மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு முதுகு கிடையாது. அது அந்தத் தொழிலின் அடிப்படைச் சட்டம். ஆசிரியைக்கு முதுகு உண்டு என்பதும், அதைத்தான் வகுப்பு பாதிநேரம் பார்க்கும் என்பதும் அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை.

“மிஸ், உங்க முதுகு பூரா குண்டூசி!” என்றாள் முன்வரிசைச் சிறுமி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வெளியே ஒருவர் பூமி பிளக்காதா என்று தரையைப் பார்த்தார்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“ஆமா. குத்தவும் செய்யுது” என்றாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நன்றாக, அளவில்லாமல் ஒரு மூச்சு விட்டாள்.

“ராத்திரி நடந்து போறப்ப நிலா யார்கூட வருது?”

“என்கூட மிஸ்!”

“பொய்! நேத்து எங்க தெருவுக்குத்தான் வந்துச்சு!”

சந்தைக்கடை இரைச்சல். அவள் அடக்கவில்லை. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னாள். ஒரு கண்ணை மூடு, இப்போது அதைத் திறந்து மற்றதை மூடு. விரல் குதித்ததா? ஜன்னலுக்கு வெளியே தூரத்துக் கோபுரத்தைப் பார், அது குதிக்கிறதா? கிட்டே இருப்பது நாம் அசைந்தால் விலகும். எட்ட இருப்பது அசைந்து கொடுக்காது. நிலா எவ்வளவு எட்டமென்றால், எத்தனை தெரு நடந்தாலும் அது பின்தங்காது. அதனால்தான் எல்லோர்கூடவும் வருகிறது.

வகுப்பு ‘ஆ’ என்றது. தாழ்வாரத்திலும் ஒரு ‘ஆ’ கேட்டது. அங்கே ஒரு நடுவயது மனிதர் கட்டைவிரலைத் தூக்கி, கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து கூடவே வரும் நிலாவை அவர் ஏனென்று கேட்டதில்லை. இத்தனை காலம் கூடவே இருந்தவளையும்தான். இவ்வளவு பெரிய ஆளையா, போன வாரம் சட்டைப் பொத்தான் தைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டோம்?

மணி அடித்தும் பிள்ளைகள் எழவில்லை. தலைமையாசிரியை அவள் கூடவே வெளியே வந்தார்.

“திங்கட்கிழமை வந்துடுங்க, டீச்சர்.”

இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அவள் இரண்டு முறை கண்ணைத் துடைத்தாள். அவர் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியை நோக்கி விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடினார். குதித்தது விரல்தான், தொட்டி அசையவில்லை.

“ஐயையோ!” என்று அவள் சட்டென்று நின்றாள். “என்னங்க, கோட்டு!”

ஒற்றைக் கண்ணோடு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்தக் கோட்டு?”