நெல்வயல் பெண்களும் எனக்குக் கிடைக்காத புலமைப்பரிசிலும்

நவீன ஐரோப்பாவைப் பற்றி ஆய்வேடு எழுதும் கலாநிதிப் பட்ட மாணவர்களுக்கு ஒரு வெளிநாட்டு நிதியம் புலமைப்பரிசில் கொடுக்கிறது என்ற அறிவித்தலை நான் பார்த்தபோது, பதுளையில் ஒரு பாடசாலையில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆவணக் காப்பகங்களுக்குப் போய்வரப் பயணச் செலவு தருவார்கள். பிறகு உட்கார்ந்து எழுத ஓராண்டுக்கு உதவித்தொகை தருவார்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. நம்பினேன்.

நான் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா இல்லை. அம்மா இன்றைக்கும் அங்கே கொழுந்து பறிக்கிறார். கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இத்தாலியின் நெல்வயல்களில் களை பிடுங்கிய பெண்கள்தான் என் தலைப்பு. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் அவர்களின் படத்தைப் பார்த்திருந்தேன். முழங்கால் தண்ணீரில் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். பின்னால் வரப்பில் ஒருவன் கம்போடு நின்றான். எங்கோ தூரத்து ஊர்களிலிருந்து வந்து கொட்டகைகளில் படுத்துறங்கி வேலை செய்தவர்கள். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடியவர்கள்.

எங்கள் பெண்களைப் போல இருக்கிறார்களே என்று முதலில் வியக்கவில்லை என்றால் அது பொய். ஆனால் அந்த வியப்பு சீக்கிரமே போய்விட்டது. அதற்கப்புறம் அவர்களையே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்ன பேசிக்கொண்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், அந்தக் கம்புக்காரனைப் பற்றி வீட்டுக்கு என்ன எழுதினார்கள் என்று.

இத்தாலிய மொழி படிக்கப் பதுளையில் ஏது இடம்? பண்டாரவளையில் ஒரு சிங்கள அக்கா இருந்தார். மிலான் நகரில் ஒரு வயதான பெண்மணியைப் பல வருடங்கள் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியவர். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போவேன். சமையலறையில் லீக்ஸ் தண்டு நறுக்கிக்கொண்டே வினைச்சொற்களைச் சொல்லித் தருவார். நான் தப்பாகச் சொன்னால் கத்தியால் பலகையைத் தட்டுவார்.

"நங்கி, நீயாவது அங்க தரை துடைக்காம இருக்கப் போற," என்பார் சிங்களத்தில், தங்கையைக் கூப்பிடுவதுபோல. "அதுக்காகவாவது ஒழுங்காப் படி."

கொழும்பில் நேர்முகப் பரீட்சை. முதல் நாளே ரயிலில் போய்த் தோழி வீட்டில் தங்கினேன். மூன்று பேர் இருந்தார்கள். ஒரு பேராசிரியர், ஒரு பெண் விரிவுரையாளர், நிதியத்தின் சார்பில் ஓர் ஐரோப்பியர். பேராசிரியர் என் படிவத்தைப் புரட்டிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறீர்கள். பிறகு ஏன் இத்தாலி? உங்கள் மக்களைப் பற்றி எழுதலாமே?"

"இந்தப் புலமைப்பரிசில் நவீன ஐரோப்பாவுக்குத்தானே, சார்?"

"உண்மைதான். ஆனால் அதை எழுத அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள்."

அவர் பிரான்ஸ் தேசத்து வரலாற்றில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். அது எனக்குத் தெரியும். உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டார்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மீதுதான் கோபம் வருகிறது.

ஐரோப்பியர் இத்தாலிய மொழியில் சில கேள்விகள் கேட்டார். தடங்கலில்லாமல் பதில் சொன்னேன். எங்கே கற்றீர்கள் என்றார். சொன்னேன்.

"அதுதானே பார்த்தேன். சமையலறை இத்தாலியன்," என்றார். மூவரும் சிரித்தார்கள்.

"நான் படிக்கப்போகும் பெண்களும் இதைவிட நல்ல இத்தாலியன் பேசியிருக்க மாட்டார்கள்," என்றேன். நகைச்சுவை என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. வருந்துகிறார்களாம். என் பின்னணிக்கு நெருக்கமான தலைப்பைத் தெரிவு செய்தால் வேறு நிதியங்கள் ஆர்வம் காட்டக்கூடுமாம்.

என் ஆய்வு மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் தலைப்பை மாத்தும். தோட்டத்துப் பொம்பிளையளைப் பற்றி எண்டால் காசு தேடி வரும்."

"அவங்களப் பத்தி எனக்குத் தெரியும் சார். தெரியாத ஒண்ணப் படிக்கணும்னுதான் வந்தேன்."

"உமக்குச் சரியான பிடிவாதம்."

இருக்கலாம். மாற்றவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பழைய செய்தித்தாள்களைக் கொண்டு இரண்டு அத்தியாயங்கள் எழுதினேன். மூன்றாவதற்கு அந்தப் பெண்களின் கடிதங்கள் வேண்டும்; அவை மிலானில் ஒரு காப்பகத்தில் இருந்தன. பண்டாரவளை அக்கா மறுபடியும் மிலானுக்கே வேலைக்குப் போயிருந்தார். தானே போய்ப் படமெடுத்து அனுப்புவதாகச் சொன்னார். அவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. ஞாயிற்றுக்கிழமையில் காப்பகம் திறப்பதில்லை. பூட்டிய கதவைப் படமெடுத்து அனுப்பினார்.

அடுத்த வருடம் மேற்பார்வையாளர் ஒரு பெண்ணை என்னிடம் அனுப்பினார். ஐரோப்பிய மாணவி, என்னைவிட இளையவள். நவீன ஐரோப்பாவில் தேநீர் குடிக்கும் வழக்கம் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். தேயிலை விளையும் இடத்தையும் பார்க்க வேண்டுமாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். அதே நிதியத்தின் புலமைப்பரிசில்.

சம்மதித்தேன். அது கிடைத்தவள் எப்படி இருப்பாள் என்று பார்க்கத்தான். சுற்றுலா ஊரான எல்லவில் தங்கியிருந்தவளைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் போனேன். அவள் நல்லவளாக இருந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றினாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து முகம் கழுவி உட்கார்ந்தார். ஐரோப்பாவில் உங்கள் தேயிலையைக் குடிப்பவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

"என்னத்த நெனைக்கிறது? குடிக்கட்டும்," என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ளைய யாரு இம்புட்டுத் தூரம் அனுப்பி வச்சாங்க?"

"படிப்புக்கு ஒதவி செய்யிற எடம்மா."

"நீ போய்க் கேட்டியே, அந்த எடமா?"

"ஆமாம்மா."

அம்மா மோவாயால் அவளைக் காட்டினார். "அவங்க ஊரப் பத்திப் படிக்க ஒனக்கு இல்லேன்னாங்க. அவங்க புள்ள நம்ம லயத்தப் பாக்கக் குடுத்திருக்காங்க. இத அப்புடியே அவகிட்ட சொல்லு."

அவள் பேனாவோடு காத்திருந்தாள். "அம்மா என்ன சொல்கிறார்?"

"சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்," என்றேன்.

அவள் சிரித்தபடி நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னாள். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

"சொல்லிட்டியா?" என்றார் அம்மா.

"சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் அது சிரிக்குது?"

நான் எழுந்து தேநீர் போடப் போய்விட்டேன்.

அவளுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டை எனக்கு அனுப்பினாள். ஊவா மாகாணத் தோட்டப் பெண்களின் விருந்தோம்பலைப் பற்றி அதில் ஒரு பகுதி இருந்தது. வந்த விருந்தாளியிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரு தாய்தான் அதற்கு ஆதாரம். அந்தப் பொய்யைச் சொன்னது நான். அவளைக் குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் கசக்கிறது. அம்மா அன்று சொன்னது எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பத்தில் மரியாதை என்று எதையோ நினைத்து நான்தான் அதை விழுங்கினேன்.

அந்த வருடக் கடைசியில் என் பதிவுக்காலம் முடிந்தது. நீடிக்கக் கேட்டேன். போதிய முன்னேற்றம் இல்லை என்று பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. முன்னேற்றம் இல்லைதான். இரண்டு அத்தியாயங்கள், முன்னுரை, நீளமான நூற்பட்டியல், அவ்வளவுதான் இருந்தது.

ஆசிரியர் அறையில் பக்கத்து மேசைக்கார டீச்சர் ஆறுதலாகச் சொன்னார். "படிச்ச படிப்பு எங்கயும் வீணாப் போகாது. மனச விட்றாதீங்க."

"வீணாத்தான் போச்சுங்க டீச்சர்," என்றேன்.

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பாடவேளைக்கு மணி அடித்தது. பதினோராம் வகுப்புக்கு அன்று இத்தாலியின் ஐக்கியம் பற்றிய பாடம். பாடப்புத்தகத்தில் அதற்கு மூன்று ஆண்களின் படங்கள்தான் இருக்கின்றன. அந்த மூவரைப் பற்றித்தான் பரீட்சையில் கேட்பார்கள். அவர்களைப் பற்றியே கற்பித்தேன்.