காருக்கு ருசி தெரியுமா

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆகவே ஆகாது. அன்று காலையில் அம்மா என் மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து, பெரிய கரண்டி நிறைய விளக்கெண்ணெய் ஊற்றிவிடுவாள். குடலைச் சுத்தம் செய்ய அதைவிட நல்லது இல்லை என்று ஊரே நம்பியது. குடல் என்னுடையதுதான் என்றாலும் என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. நைனாவிடம் அழுது பார்த்தேன், அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கடைசியில் மலைமேல் இருக்கும் முருகனிடம் முறையிட்டு, இது நின்றுபோனால் ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

யுத்த காலம் அது. அம்மாவின் தம்பி, என் மாமா, திருத்தணியில் எங்களோடுதான் இருந்தார். அரிசி மண்டி முதலாளி ஒருவரின் காருக்கு டிரைவர். கார் பழையது. கல்யாணங்களுக்கும் அரக்கோணம் ரயிலடிக்கும் வாடகைக்குப் போகும். மாமாவுக்கு உருப்படியாக ஒரு ஜோடி செருப்பு கிடையாது. ஆனால் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டால் தாசில்தாரே வணக்கம் வைக்கட்டும் என்பதுபோல இருப்பார். காரின் வேகத்தை யாராவது புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. "ஓடுறது பெரிசு இல்லீங்க. சொன்ன இடத்துல நிக்கணும்" என்பார்.

நிற்பதில்தான் சிக்கல் வந்தது. அந்தக் காரில் பிரேக்கை மிதித்தால் குழாய் வழியாக எண்ணெய் போய்ச் சக்கரங்களைப் பிடிக்கும். அதற்கென்று சீமையிலிருந்து வந்த எண்ணெய் யுத்தத்தில் கிடைக்காமல் போயிற்று. விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றிச் சமாளித்தார்கள் டிரைவர்கள். வேறு எண்ணெய் பட்டால் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் ஊதிவிடும் என்பார்கள். மாமா ஸ்பிரிட்டைக் கம்பவுண்டரிடம் வாங்குவார். விளக்கெண்ணெய் கார் ஷெட்டில் ஒரு டின்னில் வைத்திருப்பார்.

முருகன் பதில் சொல்லத் தாமதித்ததால் நானே காரியத்தில் இறங்கினேன். ஒரு வியாழக்கிழமை அம்மா கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்து, புட்டியில் இருந்த விளக்கெண்ணெயில் முக்கால் பாகத்தை வாழைமரத்தடியில் ஊற்றினேன். அந்த இடத்தைக் கடலை எண்ணெயால் நிரப்பிக் குலுக்கினேன். நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாசனைக்குக் கால் பாகம் மிச்சம் வைத்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மாமா அடுக்களைக்கு வந்தார்.

"அக்கா, நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு அரக்கோணத்துல இருந்து மாப்பிள்ளைய அழைச்சிகினு வரணும். பிரேக் எண்ணெய் மொத்தமும் மாத்திடலாம்னு பார்த்தா டின்னு காலி. வீட்டுப் புட்டிய எடுத்துக்கவா?"

"ஆங், எடுத்துகினு போ. பொண்ணுக்கு அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றாள் அம்மா.

நான் வாயில் கரித்தூளோடு பல் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும், துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த மாத விளக்கெண்ணெய் தப்பியது, திருட்டுக்குச் சாட்சியும் வீட்டை விட்டுப் போகிறது. எண்ணெய்க்கு எண்ணெய், காருக்கு ருசி தெரியுமா என்ன?

மறுநாள் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார் மாமா. மாப்பிள்ளை பட்டாளத்து ஆபீசில் குமாஸ்தா. லீவு கிடைக்காமல் முகூர்த்தத்தன்று காலை ரயிலில்தான் வந்து இறங்கினார். அவரையும் அவர் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாதி வழியில் கார் திணறியது. செகண்ட் கியருக்குக் கொண்டுவந்தால் முனகிக்கொண்டே நகர்ந்தது.

"கியர்பெட்டி போச்சுப்பா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, கியர்பெட்டியோடு கூடப் பிறந்தவர்போல.

மாமா காருக்கு அடியில் போய்ப் படுத்தார். கியர்பெட்டிக்குள் விரலைவிட்டு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். கிளட்சைப் பலமுறை மிதித்துப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கிளப்பியதும் கருகல் நாற்றம் வந்தது. இறங்கிச் சக்கரத்தின் நடுவில் எச்சிலைத் துப்பினார். அது சுர்ரென்று காய்ந்தது. கியரை விடுவித்துத் தள்ளினார், கார் அசையவில்லை.

"கியர் நல்லாத்தான் இருக்குதுங்க. பிரேக்கு புடிச்சத விடமாட்டேங்குது."

சக்கரத்தின் பின்னால் இருந்த சிறு திருகைத் தளர்த்தினார். எண்ணெய் பீறிட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. சக்கரம் விட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முகம் மலர்ந்தது. மாமாவின் முகம் மலரவில்லை. கையிலிருந்ததை முகர்ந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"தண்ணி குடிக்கிறியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

"அதான் சரியாப் போச்சே, எடுப்பா வண்டிய" என்றார் பெரியவர்.

"உள்ள ரப்பரெல்லாம் ஊதிப் போயிருக்குங்க. இனிமே மிதிச்சா நிக்கும், நிக்காமயும் போவும்."

"கைப்பிரேக்கு இருக்குது இல்ல? மெதுவா உருட்டிகினு போ. முகூர்த்தம் போவுது."

"மாப்பிள்ளைய வெச்சிகினு அப்படிப் போவமாட்டேங்க."

கடைசியில் கடலை மூட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டி ஒன்றில் மாப்பிள்ளை மூட்டைமேல் உட்கார்ந்து போனார். முகூர்த்தம் தவறி, உச்சிவேளைக்குமேல் ஏதோ ஒரு நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள்.

சாயங்காலம் மண்டி முதலாளி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா எண்ணெய்டா ஊத்தின? யார் குடுத்தது?"

அம்மா என் பின்னால்தான் நின்றிருந்தாள். மாமா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும் குடுக்கலீங்க. நான்தான் பார்க்காம ஊத்திட்டேன்."

சாவியைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். பார்க்காமல் ஊற்றியவன் என்ற பெயர் அவருக்கு முன்னால் ஊர் ஊராகப் போயிற்று. அதன்பின் யாரும் அவரை நம்பிக் கார் கொடுக்கவில்லை. சில மாதம் கழித்து அரக்கோணத்தில் ரயிலுக்குக் கரி அள்ளும் வேலைக்குப் போனார், வயதாகும்வரை கரியே அள்ளினார். கியர்பெட்டிதான் கெட்டது என்று கல்யாண வீட்டில் பேசிக்கொண்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது, நானும் அதையே நம்பிக்கொண்டேன். நம்ப முடியாத வயது வந்த பிறகும் அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு முப்பது வருடம் இருந்தது. சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த மாத ஞாயிறு வந்தபோது அம்மா புட்டியை எடுக்கவில்லை. "உனக்கு விளக்கெண்ணெய் ஒத்துக்கலியாம், உங்க மாமன் சொல்றான். சுக்குத் தண்ணியே போதும்னான்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முருகன் கேட்டுவிட்டார். வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும் என்று அடம்பிடித்தேன். வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர் மாமாதான், அவரே தேங்காயும் கையுமாக என்னை மலைக்குக் கூட்டிப்போனார். பாதிப் படியில் நின்றுவிட்டார். கீழே சாலையில் ஒரு கார் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை அசையாமல் நின்றார். ஏறிய களைப்பு என்று நினைத்தேன்.

மேலே போனதும், "எதுக்கு வேண்டிகின?" என்று கேட்டார்.

"விளக்கெண்ணெய் நின்னுடணும்னு. நின்னுடிச்சி இல்ல, அதான்."

மாமா சிரித்தார். என் கைக்குப் பலம் போதாது என்று தேங்காயை வாங்கி, ஒரே போடாக அவரே உடைத்தார். சிதறியதில் நல்ல சில்லாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். நான் அதைத் தின்றுகொண்டே சந்நிதிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன், அவர் பக்கம் திரும்பவே இல்லை.